தாம்பரம் வட்டாரத்துப் பொதுக் கட்டடங்களும் மானிய உதவியும்

பொதுக் கட்டட மானியம் என்பது, இலாப நோக்கமின்றிப் பொது நன்மையின் பொருட்டு நடைபெறும் சங்கங்களும் தரும ஸ்தாபனங்களும் எழுப்ப முற்படும் கல்லூரி, மருத்துவமனை, நூலகம், அருங்காட்சியகம் முதலிய கட்டடங்களுக்கு, அரசாங்கமோ அறக்கட்டளைகளோ தனவந்தர்களோ திருப்பிக் கேளாத வகையில் அளிக்கும் நிலம், பணம், பொருள் ஆகிய உதவியாகும். சென்னைக்குத் தெற்கே பல்லாவரம் தொடங்கித் தாம்பரம், வண்டலூர் வரையிலும், கடலோரமாக முட்டுக்காடு வரையிலும் பரந்து கிடக்கும் புறநகர்ப் பகுதி, இவ்வுதவி காலந்தோறும் கொண்ட உருவங்களைப் பார்த்தறிய ஏற்ற இடமாகும்.

இதன் பூர்வ வடிவத்தைக் கோயில்களில்தான் தேட வேண்டும். தாம்பரத்துக்குக் கிழக்கே மாடம்பாக்கத்தில் நிற்கும் தேனுபுரீசுவரர் ஆலயம் சோழர் காலத்தது. அக்காலத்தில் கோயிலுக்கு நந்தாவிளக்கு வைத்தவர்கள் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. 90 அல்லது 96 ஆடுகளை இடையர் வசம் ஒப்புவித்து, அவர்களும் அவர்கள் சந்ததியாரும் நாள்தோறும் உழக்கு நெய் அளந்துவர வேண்டுமென்று கல்லில் வெட்டிவைத்தார்கள். கிழடு தட்டியதும் இறந்ததும் கழியக் குட்டிகளால் மந்தையின் எண்ணிக்கை குறையாது நிற்குமாதலின், அதற்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். முதல் அழியாமல் அதன் பயனைக் கொண்டே தருமத்தை நடத்தும் மூலநிதி என்னும் கருத்தை இதனினும் அழகாகச் சொன்ன சொல் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆங்கில ஆட்சியில் மானியம் சட்டதிட்டங்களுக்கு உட்பட்டது, சார்லஸ் வுட் அனுப்பிய 1854-ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கைக்குப் பிறகேயாகும். தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு உதவி நிதி வழங்கலாமென்று விதித்த அவ்வறிக்கை, அவ்வுதவி பொதுச் செலவுக்காக அன்றிக் குறித்த காரியங்களுக்கே தரப்பட வேண்டுமென்றும் வரையறுத்து, அக்காரியங்களுள் பள்ளிக் கட்டடம் கட்டுவதையும் பழுது பார்ப்பதையும் சேர்த்திருந்தது. பழுது பார்ப்பதும் மானியத்துக்குரிய செலவே என்று அன்றே ஒப்புக்கொள்ளப்பட்டதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தாம்பரத்தின் தோற்றத்தையே மாற்றிய பெருமுயற்சி சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இடப்பெயர்ச்சியாகும். 1837-இல் ஜான் ஆண்டர்சன் பள்ளியாகத் தொடங்கி, வில்லியம் மில்லர் கல்லூரியாக வளர்த்த அந்த ஸ்தாபனம் ஜார்ஜ் டவுனின் நெரிசலில் இடம் போதாமல் தவித்தபொழுது, சேலையூர்க் காட்டில் ஏறத்தாழ 390 ஏக்கர் நிலத்தை அரசாங்கம் ஒதுக்கிக் கொடுத்தது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியிராவிட்டால், நகரத்து மாணவர் இக்காட்டுக்கு வந்து படிப்பது சிரமமாகவே இருந்திருக்கும். சுவிட்சர்லாந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் ஹென்றி ஷேட்டி வகுத்த திட்டத்தின்படி எழுந்த புதிய வளாகத்தை 1937-இல் ஆளுநர் எர்ஸ்கின் பிரபு திறந்துவைத்தார். ரசாயனப் பேராசிரியரும் தாவர ஆராய்ச்சியாளருமான எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவியாரும் நட்டு வளர்த்த மரங்கள் இன்றும் அங்கே நிழல் தருகின்றன. நிலமும் செங்கல்லும் ஒருமுறை கொடுத்தால் முடிந்தன. அம்மரங்களோ ஒவ்வொரு கோடையிலும் தண்ணீர் கேட்டிருக்கும்.

அதே காலத்தில் பச்சைமலை அடிவாரத்தில் இன்னொரு தருமமும் தோன்றியது. இங்கிலாந்தில் காசநோய்ச் சிகிச்சையில் பெயர்பெற்ற டாக்டர் சௌரிமுத்து, தூய காற்றும் வெயிலுமே மருந்தென்னும் கொள்கைக்கு இசைய, 1928-இல் 12 படுக்கைகளோடு நிறுவிய ஆரோக்கிய நிலையம் 1937-இல் அரசாங்கத்தின் பொறுப்பாயிற்று. தாம்பரம் சானடோரியம் என்னும் ரயில் நிலையப் பெயர் அதன் ஞாபகார்த்தமாகவே வழங்கி வருகிறது.

சுதந்திரத்துக்குப் பின் எழுந்தவற்றுள் மிகவும் விரிவாகக் கூறத்தக்கது முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா என்னும் அருங்காட்சியகம். டெபோரா தியாகராஜன் 1984-இல் தொடங்கிய சென்னைக் கைவினை அறக்கட்டளைக்கு, இதனை அமைக்கத் தமிழக அரசு 10 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு அளித்தது. மத்திய அரசின் கைவினைத் துறையும், அறக்கட்டளைகளும், தனியார் பலரும் பொருளுதவி செய்தனர். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வளாகத்தை வகுக்க, அவர் வழிவந்த பென்னி குரியகோஸ் கட்டடப் பணியைத் தொடர்ந்து நடத்தினார். 1996 டிசம்பர் 14 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அவ்விடத்தில், செட்டிநாட்டு வீடும், அக்கிரகாரத்து வீடும், கேரளத்து மரவீடும், நெசவாளர் வீடும் தெருத்தெருவாக நிற்கின்றன. இவற்றுட் பல, இடிபடவிருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, தூண், உத்தரம், கதவு, ஓடு என ஒவ்வொன்றாகக் கழற்றி, லாரியில் ஏற்றிக் கொணர்ந்து, அந்தந்த ஊர் ஆசாரிகளையும் கொத்தர்களையும் வரவழைத்து மீண்டும் பூட்டி நிறுத்தியவை. திண்ணைத் தூணைத் தொட்டுப் பார்ப்பவர் அதில் பல தலைமுறைகள் சாய்ந்து தேய்ந்த வழவழப்பை உணரலாம். ஆனால் உப்புக்காற்று ஓயாது வீசும் கரையில் மரத்துக்கு எண்ணெய் பூச வேண்டும், ஓடு மாற்ற வேண்டும், கூரை வேய வேண்டும். இவற்றுக்கெனப் பணம் கொடுக்க முன்வருவோர் திறப்பு விழாவுக்குக் கொடுப்போரைவிட எக்காலத்தும் குறைவே.

இன்று மானியம் பல வாயில்களில் வருகிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், குறித்த அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட விதித்து, சரித்திரக் கட்டடங்களைச் செப்பனிடுதலையும் பொது நூலகங்களையும் அப்பணிகளில் சேர்த்துள்ளது. தமிழகத்தில் 1997-இல் பிறந்து 2021-இல் புத்துயிர் பெற்ற ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கைத் தந்தால் எஞ்சியதை அரசு தருகிறது. இவற்றோடு நிபந்தனைகளும் வருகின்றன. மத்திய அரசு மானியம் பெற்றோர், நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் அளித்தாக வேண்டும்; வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 2020-இல் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கணக்கு கேட்பது நியாயமே. ஆயினும் கட்டிய பின் ஆண்டுதோறும் நேரும் செலவைப் பற்றி மானியப் பத்திரங்கள் பெரும்பாலும் மௌனம் சாதிக்கின்றன. உலகெங்கும் 2,500-க்கு மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்த அமெரிக்கத் தனவந்தர் ஆண்ட்ரூ கார்னகி, தாம் கொடுக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்க உள்ளூர் சபை உடன்பட்டாலன்றிப் பெரும்பாலும் உதவி செய்ததில்லை.

2021 நவம்பரில் மாநகராட்சியாகிய தாம்பரத்தில் இனிப் பல நூலகங்களும் மன்றங்களும் எழ இருக்கின்றன. அவற்றுக்குக் கொடுப்பவர்கள், பத்திரத்தில் சுவருக்கு ஒரு தொகை எழுதும்பொழுதே கூரைக்கும் ஒரு மூலநிதியை எழுதிவைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.