கோயில் பதவி வசவான கதை

இன்று 'பாரசைட்' என்றால் பேன், குடற்புழு, மாமரத்துப் புல்லுருவி. ஆளைத் திட்டவும் அதே சொல்தான். ஆனால் கிரேக்க நாட்டில் ஒரு காலத்தில் இது மரியாதையான கோயில் பதவி. 'பாரா' என்றால் பக்கத்தில். 'சிடோஸ்' என்றால் தானியம், உணவு. 'பாரசிட்டோஸ்' என்பவர் உடன் அமர்ந்து உண்பவர்.

இந்தச் செய்தியைக் காப்பாற்றித் தந்தவர், எகிப்தின் நௌக்ரடிஸ் நகரில் பிறந்த அதனேயஸ். கி.பி. 200-ஐ ஒட்டி அவர் எழுதிய பெரிய நூலில், விருந்துக்கு வந்த அறிஞர்கள் சாப்பாட்டைச் சுற்றியே பேசித் தீர்க்கிறார்கள். அதற்குள் இந்தச் சொல் கெட்டுப்போயிருந்தது. பழங்காலத்தில் இது புனிதமான பெயர் என்று அங்கே ஒருவர் வாதாடுகிறார். அவருக்குச் சாட்சி, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பொலெமோன். கல்வெட்டுகளைத் தேடித் தேடிப் படித்ததால் பட்டப்பெயரே வாங்கிய மனிதர்.

ஏதென்ஸ் மதிலுக்கு வெளியே கினோசார்ஜெஸ் என்ற இடத்தில் ஹெராக்ளிஸ் கோயில் இருந்தது. அங்கே பொலெமோன் கண்ட கல்வெட்டு, அல்கிபியாடிஸ் என்பவர் கொண்டுவந்த தீர்மானம். மாதந்தோறும் நடக்கும் பலியைப் பூசாரி பாரசிட்டோஸ்களுடன் சேர்ந்து செலுத்த வேண்டும். பெற்றோரில் ஒருவர் ஏதென்ஸ்காரராக இல்லாத கலப்புக் குடும்பங்களிலிருந்துதான் அவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொறுப்பை ஏற்க மறுத்தால் வழக்கு! சாமியோடு சேர்ந்து சாப்பிட வராதவருக்குக் கோர்ட் வாசல். அகார்னே ஊரில் அப்போலோவுக்குப் படைக்கும் வாற்கோதுமையைச் சேர்ப்பதும் இவர்கள் வேலையாக இருந்தது.

பிறகு நாடகக்காரர்கள் கையில் சொல் சிக்கியது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் அலெக்ஸிஸ் இந்தப் பெயரிலேயே ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினார். பணக்காரர் வீட்டுப் பந்தியில் அழையாமல் நுழைந்து, அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டி, ஓசிச் சோறு உண்பவன் மேடைக்கு வந்தான். மக்கள் ரசித்தார்கள். கோயில்காரர்களை மறந்தார்கள்.

ரோமில் பிளாட்டஸ் இவனைச் சிகரத்துக்கே கொண்டுபோனார். அவருடைய ஒரு நாடகத்தில் வருபவன் பெயர் பெனிகுலஸ், அதாவது துடைக்கும் தூரிகை. சாப்பிட்டால் மேசையைத் துடைத்துவைத்ததுபோல் காலி செய்வானாம். கி.மு. 200-இல் அரங்கேறிய 'ஸ்டிகஸ்' நாடகத்து கெலாசிமஸ் இன்னும் பாவம். விருந்துக்கு அழைப்பார் இல்லை, வயிறு காய்கிறது. மேடை நடுவே நின்று தன் நகைச்சுவைத் துணுக்குகளை ஏலம் போடுகிறான். கேட்கும் விலை ஒரு வேளைச் சாப்பாடு. துருப்பிடித்த உடம்புச் சுரண்டியும் ஏலத்துக்கு வருகிறது. கடைசியில் தன்னையே விற்கப் பார்க்கிறான்: மிச்சச் சோற்றைப் போட்டுவைக்க ஒரு காலிப் பாத்திரம் வேண்டாமா?

இவர்கள் தின்ற சோற்றுக்குச் சிரிப்பையாவது கொடுத்தார்கள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய இயற்கை ஆய்வாளர்கள் மரத்தில் தொற்றி வளரும் செடிகளுக்கும், பிற உயிர்களின் உடலில் வாழும் புழு பூச்சிகளுக்கும் இதே சொல்லைக் கொடுத்தபோது, கொடுக்கல் வாங்கல் போய் வாங்கல் மட்டும் மிஞ்சியது. நாடாப்புழு யாருக்கும் ஜோக் சொல்வதில்லை.

அந்த அருவருப்போடு சொல் மறுபடி மனிதர்மேல் விழுந்ததுதான் கொடுமை. ஹிட்லர் 'மைன் காம்ப்' நூலில் யூதர்களை ஒட்டுண்ணி என்றே எழுதினார். சோவியத் ரஷ்யாவிலோ இது சட்டத்துக்குள்ளேயே நுழைந்தது. சமூகத்துக்குப் பயன்படும் வேலை செய்யாதவர்களைத் தொலைதூரத்துக்கு அனுப்ப 1961-இல் ஆணை வந்தது. அங்கே வழங்கிய 'துனெயாதெத்ஸ்' என்ற ரஷ்யச் சொல்லுக்கும் ஓசியில் தின்பவன் என்றுதான் பொருள்.

1964-இல் அந்த ஆணையின்படி லெனின்கிராட் நீதிமன்றத்தில் நின்ற ஒருவருக்கு வயது 23. நிலையான வேலை இல்லை, கவிதை எழுதுகிறார், குற்றம் அதுதான். உம்மைக் கவிஞர் என்று அங்கீகரித்தது யார் என்று நீதிபதி துருவினார். தீர்ப்பு, ஐந்தாண்டுத் தொலைதூர வாசமும் கட்டாய உழைப்பும். ஆர்காங்கெல்ஸ்க் வட்டாரத்து நோரென்ஸ்கயா கிராமத்தில் பண்ணை வேலை பார்த்தார். உலகெங்கும் எதிர்ப்பு எழ, 1965-இல் விடுதலையானார். 1972-இல் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டார். 1987-இல் இலக்கிய நோபல் பெற்ற யோசிஃப் பிராட்ஸ்கி இவர்தான்.