வேலை போன ஆசிரியர் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

எண்ணூரில் 1948ல் அசோக் மோட்டார்ஸ் (பிற்பாடு அசோக் லேலண்ட்) வந்தது. திருவொற்றியூரில் 1955ல் என்ஃபீல்டு. ராயபுரத்தை ஒட்டித் துறைமுகம். வடசென்னை என்றாலே யூனியன், கேட் மீட்டிங், லேபர் கோர்ட்தான். ஃபேக்டரியில் ஒருவரை வேலையை விட்டு எடுத்தால், அவர் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டப்படி லேபர் கோர்ட்டுக்குப் போனார். அதே தெருவில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியருக்கு வேலை போனால்?

அவருக்கு அந்தக் கதவு கிடையாது! கோவாவில் பள்ளி ஆசிரியை ஒருவர் தொடுத்த வழக்கில், ஆசிரியர் அந்தச் சட்டம் சொல்லும் "தொழிலாளி" அல்ல என்று 1988ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி புகட்டுவது உயர்ந்த பணியாம். மரியாதை கிடைத்தது, லேபர் கோர்ட் கிடைக்கவில்லை.

அரசுப் பள்ளி ஆசிரியருக்கு வேறு பாதுகாப்பு உண்டு. அரசியல் சட்டத்தின் 311வது பிரிவுப்படி, குற்றச்சாட்டைச் சொல்லி, விளக்கம் கேட்டு, விசாரித்த பிறகே அரசு ஊழியரை டிஸ்மிஸ் செய்யலாம் (சில விதிவிலக்குகள் உண்டு). தமிழ்நாட்டில் அதற்கான நடைமுறையைத்தான் ஊழியர்கள் "17 பி" என்கிறார்கள். உதவி பெறும் பள்ளி என்றால் 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் சட்டம். அதன்படி, கல்வி அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் நிர்வாகம் ஆசிரியரை நீக்க முடியாது என்று இருந்தது.

இதெல்லாம் காகிதத்தில் எவ்வளவு கெட்டி என்பது 2003ல் தெரிந்தது.

குறைக்கப்பட்ட ஓய்வூதியச் சலுகைகளைத் திரும்பக் கேட்டு, அந்த ஆண்டு ஜூலை 2ந் தேதி அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜெயலலிதா அரசின் கையில் 2002ல் வந்த "டெஸ்மா" சட்டம் இருந்தது. ஜூலை 4ந் தேதி ஓர் அவசரச் சட்டத்தால் அதை மேலும் இறுக்கினார்கள். விளக்கமும் இல்லை, விசாரணையும் இல்லை. ஏறக்குறைய 1,70,000 பேர் டிஸ்மிஸ்! இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது.

வழக்கு, துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தனி நீதிபதி ஊழியர்களுக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு போட்டார். டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்தது. "முதலில் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள்" என்பது அதன் நிலை. சட்டப்படி இது தப்பும் இல்லை. 1997ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்னதும் அதுதான். ஆனால் 1988ல் அமைக்கப்பட்ட அந்தத் தீர்ப்பாயத்தில் அப்போது எத்தனை உறுப்பினர் இருந்தார்கள் தெரியுமா? ஒரே ஒருவர்!

தொழிற்சங்கத் தலைவர் டி.கே.ரங்கராஜன் பெயரில் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நீதிபதிகள் எம்.பி.ஷா, ஏ.ஆர்.லட்சுமணன் ஆகியோர் 2003 ஆகஸ்ட் 6ந் தேதி தீர்ப்புச் சொன்னார்கள். இத்தனை ஆயிரம் பேரைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பினால் நியாயம் கிடைக்காது, இப்படி அசாதாரணமான நிலையில் உயர் நீதிமன்றமே விசாரித்திருக்கலாம் என்றார்கள். அதே தீர்ப்பில்தான், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக நியாயமும் இல்லை என்றார்கள். முதல் இரண்டும் சட்டக் கேள்விகள். மூன்றாவதை நீதிமன்றம் சொல்லியிருக்க வேண்டுமா என்பது இன்றும் வாதத்துக்குரியது. விசாரணையே இல்லாமல் 1,70,000 பேரை நீக்கியது சரியா என்ற பெரிய கேள்விக்கோ நேரான பதில் வரவில்லை.

காரணம், இடையில் அரசே இறங்கி வந்தது. நிபந்தனையற்ற மன்னிப்பும், நடத்தை விதிகளை மீற மாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதித் தந்தால் மீண்டும் வேலை என்றது. கரும்பலகையில் எழுதிய கைகள் மன்னிப்புக் கடிதம் எழுதின. கைதானவர்கள், வழக்குப் பதிவானவர்கள் என சுமார் 6,000 பேருக்கு அதுவும் இல்லை. அவர்களது மனுக்களை ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூவர் பார்த்தார்கள்.

2004 மே மாத நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் அ.தி.மு.க. கூட்டணி தோற்றது. அதே மாதம் ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் வாபஸ் ஆயின. கோர்ட்டில் பாதி கிடைத்தது, மீதி ஓட்டுப் பெட்டியில் கிடைத்தது!

தீர்ப்பு மட்டும் வாபஸ் ஆகவில்லை. 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தம் செய்தபோது ஆசிரியர்களுக்கு 17 பி நோட்டீஸ்கள் வந்தன. அவை கைவிடப்படுவதாக 2021 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. அப்போதும் அடுத்த சில மாதங்களில் தேர்தல்.