அறப்பணிக் குலுக்கலும் சட்டமும்: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

ஊர்ப் பொதுக்காரியத்துக்குப் பணம் திரட்ட வேண்டும் என்றால் கிராமத்தில் எழும் முதல் யோசனைகளில் ஒன்று குலுக்கல். கோயில் திருப்பணிக் குழு, பங்குக் கோயில் இளைஞர் அமைப்பு, நற்பணி மன்றம், விளையாட்டுக் கழகம் என யார் நடத்தினாலும் அதன் வடிவம் ஏறத்தாழ ஒன்றே. நூறு சீட்டுக் கொண்ட புத்தகம் அச்சாகும். அடிக்கட்டையில் வாங்கியவர் பெயரும் கைபேசி எண்ணும் எழுதப்படும். சீட்டில் ஸ்கூட்டர் முதல் எவர்சில்வர் பாத்திரம் வரையிலான பரிசுப் பட்டியலும், குலுக்கும் நாளும் இடமும் இருக்கும். கடைசி வரியில், வசூல் முழுவதும் அறப்பணிக்கே என்ற உறுதிமொழி இருக்கும். சீட்டு வாங்குபவருக்கு நம்பிக்கை தருவது அந்தக் கடைசி வரிதான். சட்டத்தின் முன் அந்த வரிக்கு என்ன மதிப்பு என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

புதுச்சேரியின் கிராமப்புறக் கொம்யூன்களான (உள்ளாட்சிப் பிரிவுகளான) வில்லியனூரும் பாகூரும் இக்கேள்வியை ஆராயப் பொருத்தமான களங்கள். இரு பகுதிகளும் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலும், அதன்பின் இந்திய ஆட்சியிலும் இருந்தவை. பிரெஞ்சுச் சட்டம் குலுக்கலைப் பார்த்து ‘எதற்காக நடத்துகிறாய்?’ என்று கேட்டது. இந்தியச் சட்டமோ ‘நடத்த நீ யார், உனக்கு அனுமதி தந்தவர் யார்?’ என்று கேட்கிறது. இந்த மாற்றம் ஊர் அமைப்புகளின் நினைவில் பதியாமல் போனதே இன்றைய குழப்பத்தின் வேர் என்பது இக்கட்டுரையின் முடிவு.

1. நோக்கத்துக்குக் கட்டுப்பட்ட கொடை

பொதுக்காரியத்துக்கு ஒதுக்கிய பொருள் அதற்கு மட்டுமே செலவாக வேண்டும் என்ற கொள்கைக்குப் பாகூரிலேயே பழைய சான்று உண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், வெளியிடப்பட்டது வாகூர்ச் செப்பேடு (வாகூர் என்பது பாகூரின் பழைய பெயர்). சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்களை வாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விநிலையத்துக்குக் கொடையாக்கியதை அது பதிவு செய்கிறது. கொடுத்தது எது, யாருக்கு, எதற்கு என்ற மூன்றும் செப்பேட்டில் அழியாதபடி எழுதப்பட்டன. அரசனின் நிலக்கொடைக்குப் பதிலாக ஊராரின் சிறு சிறு தொகைகள் அறப்பணிக்கு ஆதாரமான காலத்திலும் இந்த மூன்று கேள்விகள் மாறவில்லை. ஆனால் பரிசு ஆசை என்ற நான்காவது ஒன்று சேர்ந்துகொண்டது. சட்டம் தலையிட்டது அதனால்தான்.

2. பிரெஞ்சுச் சட்டத்தின் அணுகுமுறை

1819 ஜனவரி 6ஆம் நாள் ஆணையின் வழியே பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் பிரெஞ்சிந்தியாவில் நடைமுறைக்கு வந்தன. 1810ஆம் ஆண்டின் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 410ஆம் பிரிவு, சட்டம் அனுமதிக்காத லாட்டரி நடத்துவோருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறையும், 100 முதல் 6,000 பிராங்கு வரை அபராதமும் விதித்தது.

தாய்நாடான பிரான்சில் அரச லாட்டரி 1836இன் தொடக்கத்தோடு நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு மே 21ஆம் நாள் வந்த சட்டம் லாட்டரிகளைப் பொதுவாகத் தடைசெய்தது. அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு நம் ஆய்வுக்கு மிக முக்கியமானது. அறச்செயலுக்காகவோ கலை வளர்ச்சிக்காகவோ மட்டும் நடத்தப்படும், அசையும் பொருள்களைப் பரிசாகக் கொண்ட குலுக்கல்களுக்கு, நிர்வாகத்தின் முன் அனுமதி இருந்தால், அது விலக்களித்தது. 1844 மே மாத அரசாணை அந்த அனுமதியை வழங்கும் அதிகாரிகளை வகுத்தது.

இந்தப் பிரிவில் மூன்று நிபந்தனைகள் அடங்கியுள்ளன. நோக்கம் அறமாக இருக்க வேண்டும். பரிசு ரொக்கமாக இருக்கக்கூடாது. அனுமதி முன்னதாகவே பெறப்பட வேண்டும். நோக்கம் நல்லது என்பதால் மட்டும் குலுக்கல் சட்டப்படி ஆகிவிடாது. ஆனால் நல்ல நோக்கமுள்ளவர் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லியது.

1880 மார்ச் 12ஆம் நாள் ஆணையால் புதுச்சேரிப் பகுதியில் புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் ஆகியவை மேயருடனும் மன்றத்துடனும் கூடிய கொம்யூன்களாயின. ஊர் நிர்வாகம் என்பது எட்டிப் பிடிக்கும் தொலைவில் இருந்த காலம் அது.

3. எல்லைக்கு அப்பால் வேறு சட்டம்

அதே காலத்தில் ஆங்கிலேய இந்தியாவில் நடந்தது வேறு. கல்கத்தாவில் 1813இல் எழுந்த நகர மண்டபம் லாட்டரிப் பணத்தில் கட்டப்பட்டது. 1817இல் அமைந்த லாட்டரிக் குழு நகரத்தின் சாலைகளுக்கும் குளங்களுக்கும் அதே வழியில் நிதி திரட்டி, 1836இல் ஓய்ந்தது. பின்னர் கம்பெனி அரசின் 1844ஆம் ஆண்டு 5ஆம் எண் சட்டம், அரசு அனுமதி பெறாத எல்லா லாட்டரிகளையும் தடைசெய்தது. 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அனுமதியற்ற லாட்டரியைக் குலுக்க இடம் வைத்திருப்போருக்கு ஆறு மாதம் வரை சிறை என்றது அது. இந்தப் பிரிவில் அறநோக்கம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அரசு அனுமதி ஒன்றே அளவுகோல்.

வில்லியனூரும் பாகூரும் தமிழகப் பகுதிகளோடு பின்னிக் கிடப்பவை. திட்டுத் திட்டாகச் சிதறிய நிலப்பரப்பில் ஒரு வயல் வரப்பைத் தாண்டினால் வேறு சட்டம் ஆண்டது. விழுப்புரம், கடலூர் எல்லைகளில் இன்றும் ஆட்சிப் பரப்பு அப்படித்தான் மாறுகிறது.

4. மாறுகாலம்: 1954 முதல் 1963 வரை

1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தனர். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டங்கள் அன்றே மாறிவிடவில்லை. நடைமுறையில் இருந்தவை தொடர்ந்தன. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு நிறைவேறிய பிறகு, புதுச்சேரி (சட்டங்கள்) ஒழுங்குமுறை, 1963 இந்தியத் தண்டனைச் சட்டத்தை இங்கு விரிவாக்கியது. நடைமுறைக்கு வந்த நாள் 1963 அக்டோபர் 1.

குலுக்கலைப் பொறுத்தவரை வில்லியனூர், பாகூர் மக்களுக்குச் சட்டம் மாறிய நாள் இதுதான். அன்று முதல் 294ஏ இங்கும் பொருந்தியது. அறக் குலுக்கல் என்று தனியே பேசாத சட்டத்தின் கீழ் ஊர் அமைப்புகள் வந்துசேர்ந்தன. கொம்யூன் மேயர் பதவியும் பின்னர் மறைந்தது. புதுச்சேரி கிராம மற்றும் கொம்யூன் பஞ்சாயத்துகள் சட்டம், 1973 புதிய அமைப்பைக் கொண்டுவந்தது. ஆனால் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் 2006இல்தான் நடந்தது. இடைப்பட்ட நீண்ட காலத்தில், ஊர்ப் பொதுக்காரியத்தின் சட்டச் சிக்கலைக் கேட்டுத் தெளியத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஊரில் இல்லை.

5. அரசு லாட்டரியும் பொது மனநிலையும்

1967இல் கேரளமும், 1968இல் அண்ணா தலைமையிலான தமிழக அரசும் அரசுப் பரிசுச்சீட்டைத் தொடங்கின. பரிசு விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற தமிழக விளம்பரம் ஊரெங்கும் பரவியது. சீட்டு வாங்குவதே ஒரு பொதுநலச் செயல் என்ற எண்ணத்தை அது மக்களிடம் விதைத்தது. அரசு செய்யலாம் என்றால் ஊர் மன்றம் ஏன் செய்யக்கூடாது என்று கேட்கும் மனநிலை இப்படித்தான் வளர்ந்தது. 2003 ஜனவரியில் தமிழக அரசு லாட்டரி விற்பனையை முற்றிலும் தடைசெய்த பிறகும் அந்த மனநிலை எஞ்சி நிற்கிறது.

சட்டத்தின் பார்வை வேறு. சூதாட்டம் அரசியலமைப்பு பாதுகாக்கும் வணிகம் அல்ல என்று 1957இல் சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசே நடத்தினாலும் லாட்டரி சூதின் தன்மையை இழப்பதில்லை என்று 1999இல் பி.ஆர். எண்டர்பிரைசஸ் வழக்கில் அது கூறியது. லாட்டரிகள் (ஒழுங்குமுறை) சட்டம், 1998 சீட்டில் அரசின் முத்திரை, வாரம் ஒரு குலுக்கல், வசூல் அரசின் பொதுக் கணக்குக்கு என்று மாநில அரசுகளுக்கு நிபந்தனைகள் விதித்தது. அச்சட்டம் பேசுவது அரசுகளோடு மட்டுமே. கோயில் குழுவோ நற்பணி மன்றமோ அதன் பார்வையில் இல்லை.

6. 1978ஆம் ஆண்டின் சிறு வாசல்

அறநிறுவனங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் மத்தியச் சட்டம் ஒன்று உண்டு. பரிசுச்சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் (தடை) சட்டம், 1978. பலரிடம் பணம் வசூலித்து, குலுக்கல் மூலம் சிலருக்கு ரொக்கமோ பொருளோ பரிசளிக்கும் திட்டங்களை அது தடைசெய்தது. பணத்தை ஒரே தவணையில் வாங்கினாலும் தடை பொருந்தும். ஆனால் 11ஆம் பிரிவில் விலக்குப் பட்டியல் இருக்கிறது. ரிசர்வ் வங்கியைக் கலந்து மாநில அரசு அறிவிக்கை செய்யும் அறநிறுவனத்துக்கும் கல்வி நிறுவனத்துக்கும் அதில் இடமுண்டு.

1836 சட்டத்தையும் இதையும் அருகருகே வைத்தால் இடைவெளி தெளிவாகிறது. அங்கே ஒரு குலுக்கலுக்கு ஓர் அனுமதி. இங்கே ஒரு நிறுவனத்துக்கு அரசு அறிவிக்கை, அதற்கு ரிசர்வ் வங்கியின் ஆலோசனை. பாகூர்ப் பகுதியின் சிறு விளையாட்டு மன்றம் ஒன்று ஆண்டு விழாவுக்காக ஏறக்கூடிய படிகள் அல்ல இவை.

7. இன்றைய நிலை

2024 ஜூலை 1 முதல் 294ஏ பிரிவின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 297ஆம் பிரிவு வந்துள்ளது. அரசு லாட்டரியோ அரசு அனுமதித்த லாட்டரியோ அல்லாத குலுக்கலுக்கு இடம் வைத்திருந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அத்தகைய குலுக்கலில் பரிசு தருவதாக அறிவிப்பு வெளியிட்டால் ரூ.5,000 வரை அபராதம். பழைய சட்டத்தில் இது ரூ.1,000. சுவரொட்டி அடிப்பதும் இந்த இரண்டாம் பகுதிக்குள் வரக்கூடும். அனுமதிக்கு வழியிருப்பதைப் பிரிவு ஒப்புக்கொள்கிறது. விண்ணப்பம் எப்படி, கணக்கு யாரிடம் என்ற விவரம் பிரிவில் இல்லை. புதுச்சேரி போன்ற ஒன்றியப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1897ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டப்படி, அங்கு ‘மாநில அரசு’ என்ற சொல் மத்திய அரசையே குறிக்கிறது.

வரி விதி இன்னும் நேரடியானது. பணம், தற்செயல், பரிசு மூன்றும் சேர்ந்த திட்டத்தை எந்தப் பெயரில் அழைத்தாலும் அதன் பரிசு லாட்டரி வருமானமே. பரிசு ரூ.10,000ஐத் தாண்டினால் 30 விழுக்காடு வரி பிடிக்க வேண்டும். பொருளாகத் தந்தால், வரி கட்டப்பட்டதை உறுதிசெய்த பிறகே பொருளைக் கைமாற்றலாம். ரூ.90,000 மதிப்புள்ள ஸ்கூட்டர் என்றால் ரூ.27,000 வரி. மேடையில் சாவியைக் கொடுத்துப் படம் எடுக்கும் அமைப்பாளர்கள் இதை முன்பே கணக்கில் வைக்க வேண்டும்.

சட்டச் சிக்கல் இல்லாத வழிகளும் ஊரில் உண்டு. ஏலம் அவற்றில் முதன்மையானது. விழுப்புரம் மாவட்டம் ஒட்டனந்தல் முருகன் கோயிலில் பங்குனி உத்திரத் திருவிழாவில் வேலில் குத்திய எலுமிச்சம்பழங்கள் ஏலம் விடப்படுகின்றன. அதிக விலை சொல்பவருக்குப் பழம் போகிறது. அங்கே தற்செயலுக்கு இடமில்லை. ரசீது போட்டு வாங்கும் நன்கொடையும், சீட்டுக்கு விலையே வைக்காமல் விழாவுக்கு வந்தோர் அனைவரையும் சேர்க்கும் குலுக்கலும் லாட்டரியின் மூன்று கூறுகளையும் நிறைவு செய்வதில்லை.

8. முறையான குலுக்கலின் இலக்கணம்

குலுக்கலை நேர்மையாக நடத்தும் முறை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) பதவிக்கான குடவோலை முறையை நுணுக்கமாக விதிக்கின்றன. நம்பிமாரில் (கோயில் பூசகர்களில்) மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது அறியாத சிறுவனே ஓலையை எடுக்க வேண்டும். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை ஏற்று வாசிக்க வேண்டும். நம்பிமார் அனைவரும் அதை மீண்டும் வாசிக்க வேண்டும். ஓலையை மறைக்கவோ மாற்றவோ முடியாதபடி அமைந்த ஏற்பாடு இது.

இன்றைய உலகிலும் எளிய முன்மாதிரிகள் உள்ளன. பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டப்படி, சிறு அமைப்புகள் உள்ளாட்சியிடம் பதிவு செய்தால் போதும். வசூலில் குறைந்தது 20 விழுக்காடு அறிவித்த நோக்கத்துக்குப் போக வேண்டும். குலுக்கல் முடிந்ததும் கணக்குக் காட்ட வேண்டும். பிரான்சில் அறக் குலுக்கலை அனுமதிப்பவர் இன்று கொம்யூனின் மேயர்.

முடிவுரை

வில்லியனூர், பாகூர் பகுதிகளின் சட்ட வரலாறு காட்டுவது இதுதான். நல்ல நோக்கம் எந்தக் காலத்திலும் தனியே நின்று குலுக்கலைச் சட்டப்படி ஆக்கியதில்லை. பிரெஞ்சுச் சட்டம் நோக்கத்தைக் கேட்டு அனுமதிக்கு வழி சொன்னது. இந்தியச் சட்டம் அனுமதியைக் கேட்டு வழியைச் சொல்லாமல் விட்டது. அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்வோர் ஏமாற்றுக்காரர்கள் மட்டுமல்லர், ஊருக்கு உழைக்கும் இளைஞர்களும்தான். சட்டவிரோதமாக மூன்று எண் லாட்டரி விற்பவரையும் கோயில் கூரைக்குச் சீட்டு விற்பவரையும் ஒரே பிரிவு பிடிக்கிறது என்றால் திருத்தம் தேவை.

பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலின் 34ஆம் இனம். அதில் சட்டமியற்றப் புதுச்சேரிப் பேரவைக்கு அதிகாரம் உண்டு. பதிவு பெற்ற அமைப்புக்கு மட்டும், பொருள் பரிசுக்கு மட்டும், வசூல் வரம்போடு, கொம்யூன் பஞ்சாயத்திலேயே விண்ணப்பித்து, பொதுமக்கள் முன் குலுக்கி, கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் எளிய விதியைத் தமிழில் வகுக்க வேண்டும். அதுவரை ஊர் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள்: எழுத்தில் அரசு அனுமதி கையில் இல்லாமல் ஒரு சீட்டுப் புத்தகமும் அச்சுக்குப் போக வேண்டாம்.