கபிலப்பொடியும் தரங்கம்பாடி பாதிரியாரும்

டேராடூன் வந்து எட்டு வருஷமாச்சு. போன மார்ச்ல ஒரு நாள் வாக்கிங் போனப்ப, காட்டோரமா ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தர் ஏதோ காயை முறத்துல போட்டுத் தேய்ச்சுட்டு இருந்தார். முறம் பூரா குங்குமம் மாதிரி சிவப்புப் பொடி. "கமீலா. ஆட்டுப் புழுக்கையில வெள்ளையா அரிசி மாதிரி கிடந்தா மோர்ல கலந்து கொடுப்போம்"னார்.

அட, நம்ம கபிலப்பொடி! வீட்டுக்கு வந்து தேடினா, கதை நேரா எங்க ஊருக்குப் பக்கத்துல தரங்கம்பாடிக்கே போய் நிக்குது.

1776-ல டேனிஷ் மிஷனுக்காக அங்க வந்தவர் ராட்லர். தமிழ் - ஆங்கில அகராதி தொகுத்தாரே, அதே ராட்லர்தான். ஓயாம செடி சேகரிச்ச மனுஷன். அவரோட நினைவா இந்த மரத்துக்கு 'ராட்லெரா டிங்க்டோரியா'ன்னு பேர் வெச்சார் ராக்ஸ்பர்க். பட்டுக்குச் சாயம் போடவும் உதவின இந்தப் பொடி, 1864-ல நாடாப்புழு மருந்தா பிரிட்டிஷ் மருந்து நூல்லயே ஏறிடுச்சு. பிற்பாடு மரத்தோட பேர் மல்லோட்டஸ் பிலிப்பென்சிஸ்னு மாறிப்போச்சு. பொடியில இருக்கிற 'ராட்லெரின்'ங்கிற பொருள்ல மட்டும் பாதிரியார் பேர் இன்னும் ஒட்டிட்டு இருக்கு :)

இதுல ஒரு வசதி, பொடியே பேதியும் ஆக்கிடும். புழுவை வெளியேத்தத் தனியா பேதி மருந்து வேண்டாம். அளவு மிஞ்சினா ஆபத்து.

இதைப் படிச்சப்ப எங்க அப்பாயியோட வெள்ளாடுதான் ஞாபகம் வந்துச்சு. தாடை வீங்கி, கண் இமை உள்பக்கம் வெளுத்துப் போச்சு. வேப்பங்கொழுந்து அரைச்சு அரைச்சு ஊத்தினாங்க. ஒரே வாரம்தான், செத்துப்போச்சு. 'தெய்வக் குத்தம்'னு அழுதாங்க. அது பெரும்பாலும் ரத்தம் உறிஞ்சுற உருண்டைப்புழுவா இருந்திருக்கும்னு இப்பத்தான் புரியுது. அதுக்கு வேப்பங்கொழுந்தையோ கபிலப்பொடியையோ நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

சரி, இங்கிலீஷ் மருந்துன்னா போதுமா? 1961-ல தயபெண்டசோல் வந்துச்சு. 1964-லயே அதுக்குச் சாகாத புழு செம்மறியில வந்தாச்சு. அதனாலதான் ஆராய்ச்சிக்காரங்க மறுபடி தழை மருந்துகளைத் திரும்பிப் பாக்கறாங்க.

அந்தப் பெரியவர் முதல்ல புழுக்கையைப் பாத்தார், அப்புறம்தான் பொடியை எடுத்தார். எந்தப் புழுன்னு தெரிஞ்சுட்டுக் கொடுக்கணும், அவ்வளவுதான். ஊர்ல ஆடு வளர்க்கிற சொந்தக்காரங்க இருந்தா அடுத்த ஃபோன்ல சொல்லுங்க: தாடை வீங்கினா கைவைத்தியம் பாத்துட்டு நாளைக் கடத்தாம, உடனே கால்நடை டாக்டர்கிட்ட ஓட்டிட்டுப் போகச் சொல்லுங்க.