பெயரில்லாத் தலைமகன்

கணிப்பொறிச் சாகச ஆட்டத்தின் முதல் தலைமகனுக்குப் பெயரே இல்லை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து மாமத் குகையை அளந்தவர்களுள் ஒருவர் வில் கிரௌதர் என்னும் கணிப்பொறி வல்லுநர். மணமுறிவால் தம் பெண்மக்களைப் பிரிந்து வாழ நேர்ந்த அவர், அவர்கள் ஆடி மகிழவென்றே 1976ஆம் ஆண்டையொட்டி 'அட்வென்ச்சர்' ஆட்டத்தை எழுதினார். படமில்லை, எழுத்துகளே குகையை விரித்தன. ஆடுபவரை அது 'நீ' என்றே விளித்தது. வழி தவறியவளும் அச்சிறுமியே, விளக்கேந்தியவளும் அவளே.

1977இல் டான் உட்ஸ் இதனை விரிவாக்கினார். பின்வந்த தலைமக்கள் பெயரும் முகமும் பெற்றனர். 1996இல் தோன்றிய லாரா கிராஃப்ட் இரு கைகளிலும் துப்பாக்கியேந்தி அஞ்சாது பாய்ந்தாள், வியந்தோம், நெருங்கினோமில்லை (நம் பிள்ளைகள் இதனை ஒப்பார்!). 2013இன் மறுபடைப்பிலோ அவள் கப்பலுடைந்து, காயமுற்று, குளிரில் நடுங்கினாள். அன்றே நம் வீட்டுப் பெண்ணாகத் தெரிந்தாள். கிரௌதரின் மக்களுக்கு இத்துணையும் வேண்டியிருந்திராது. தந்தை நடந்த குகையில் அவர்கள் தாமே நடந்தனர்.