காற்றைச் சோதித்த ஒளி: ஜான் டிண்டாலின் ஆய்வுகள்

நோய் காற்றின் வழியே பரவுகிறது என்ற கருத்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பிய மருத்துவத்தில் வேரூன்றியிருந்த போதிலும், அதைப் பரப்புவது அழுகும் பொருள்களிலிருந்து எழும் நச்சாவியா, காற்றில் மிதக்கும் உயிர்த்துகளா என்பதில் மருத்துவரிடையே ஒருமித்த கருத்து இருக்கவில்லை. இந்த வழக்கில் ஒளியைச் சாட்சியாக நிறுத்தியவர், நில அளவைப் பணியில் தொடங்கி, 1850இல் ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1853இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியரான அயர்லாந்து இயற்பியலர் ஜான் டிண்டால் (1820–1893).

காற்றைக் கதிர்களால் சோதித்த அவருடைய இரு ஆய்வுகளில் 1859இல் தொடங்கிய முதலாவது, கண்ணுக்குப் புலப்படாத வெப்பக் கதிர்களை, அதாவது இன்று அகச்சிவப்புக் கதிர் எனப்படுவதை, வாயுக்கள் எவ்வளவு உட்கவர்கின்றன என்பதைப் பற்றியது. கண்ணாடி இக்கதிர்களைத் தடுத்துவிடும் என்பதால், பித்தளைக் குழாயின் இரு முனைகளையும் பாறையுப்புத் தகடுகளால் அடைத்து, உள்ளே வாயுவை நிரப்பி, ஊடுருவி வந்த வெப்பத்தை மின்னோட்டமாக மாற்றி அளந்தார். ஆக்சிஜனும் நைட்ரஜனும் ஏறத்தாழத் தடையின்றிக் கதிர்களை விட, நீராவியும் கரியமில வாயுவும் அவற்றை வலுவாக உட்கவர்ந்தன; புவியின் வெப்பநிலையை வளிமண்டலம் காப்பதற்கு இதுவே அடிப்படை. இதே முறை 1860களின் முற்பாதியில் மனித மூச்சுக்கும் பயன்பட்டது. கார்பன் மோனாக்சைடு எரியும் சுடரின் கதிர்களைக் கரியமில வாயு பெரிதும் விழுங்கும் என்பதால், வெளிவிடும் மூச்சை அச்சுடருக்கு முன் வைத்து, கதிர் எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து மூச்சில் உள்ள கரியமில வாயுவின் அளவு கணக்கிடப்பட்டது. மயக்க மருத்துவத்தில் நோயாளியின் மூச்சைக் கண்காணிக்கும் இன்றைய கருவிகளும் இந்த உட்கவர்தலையே சார்ந்துள்ளன.

இரண்டாம் ஆய்வு ஓர் இடையூறிலிருந்து பிறந்தது. 1868இல் ஆவிகளின் மீது ஒளி நிகழ்த்தும் மாற்றங்களை ஆராய முற்பட்டபோது, குழாயில் மிதந்த தூசி ஒளியைச் சிதறடித்து ஆய்வைக் கெடுத்தது. அமிலத்தின் வழியாகவும் எரிகாரத்தின் வழியாகவும் காற்றைச் செலுத்தியும் நீங்காத அத்தூசி, சாராய விளக்கின் சுடரில் பட்டதும் மறைந்தது. எரிந்து போகும் பொருள் பெரும்பாலும் உயிரினம் சார்ந்ததாகவே இருக்க வேண்டும் என்று டிண்டால் முடிவுகட்டினார். துகளற்ற காற்றில் ஒளிக்கற்றையின் பாதை கண்ணுக்குத் தெரியாது. எனவே கற்றை இருண்டு போவதே காற்றின் தூய்மைக்குச் சான்றாயிற்று. 1870 ஜனவரியில் தூசியும் நோயும் குறித்து நிகழ்த்திய உரையில், மூச்சை நீளமாக விடும்போது இறுதியில் வரும் காற்று கற்றையில் கருமையாகத் தோன்றுவதைக் காட்டி, சுவாசப் பாதை தூசியைப் பிடித்துவைத்துக்கொள்கிறது என விளக்கினார். பஞ்சு காற்றை வடிகட்டுவதைக் கண்டு, கிளிசரினில் நனைத்த பஞ்சும் கரியும் கொண்ட மூச்சுக்கவசத்தைத் தீயணைப்பு வீரர்களுக்காக உருவாக்கினார்.

உயிர் தானாகவே தோன்றும் என்று வாதிட்ட மருத்துவர் ஹென்றி சார்ல்டன் பாஸ்டியனுக்கு எதிராக, உட்புறம் கிளிசரின் பூசிய பெட்டியில் காற்றை அசையாமல் விட்டு, ஒளிக்கற்றை மறையும்வரை தூசி படியச் செய்து, பிறகு அதற்குள் இறைச்சி, காய்கறிச் சாறுகளைக் கொதிக்கவைத்தார்; அவை கெடவில்லை. ஆனால் 1876இன் பிற்பகுதியில், பழைய வைக்கோலைக் கொண்டுவந்த பின், அதே சோதனைகள் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பொய்த்தன; கியூ தாவரத் தோட்டத்தின் ஆய்வகத்தில் மீண்டும் வெற்றி பெற்றன. கொதிநீரையும் தாங்கும் நுண்ணுயிரி வித்துகளே காரணம் என்றறிந்து, வித்துகள் முளைத்து மென்மையாகும் இடைவெளிகளில் சிறிது சிறிதாகப் பலமுறை சூடாக்கும் கிருமிநீக்க முறையை 1877இல் வகுத்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

துகள் உண்டா இல்லையா என்பதைக் கற்றை காட்டியதே தவிர, அது உயிருள்ளதா என்பதைச் சாறு கெடுவதும் கெடாததுமே காட்டின. ஒளிச்சோதனையையும் உயிரியல் சோதனையையும் இணைத்ததே டிண்டாலின் முறைக்கு வலிமை தந்தது. நகரக் காற்றின் நுண்துகளை ஒளிச்சிதறலால் அளக்கும் இன்றைய உணரிகள் அம்முறையின் ஒரு பாதியையே பெற்றுள்ளன; துகளின் அளவைச் சொல்லும் அவற்றுக்கு, அது உடலில் என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேதியியலும் மருத்துவமும் துணைக்கு வரவேண்டியுள்ளது.