கூந்தல் வடம்

1864 கோடையில் கியோட்டோ நகரம் பற்றி எரிந்தது. அரண்மனை வாசலில் மூண்ட சண்டையில் கிளம்பிய தீ, ஹிகாஷி ஹொங்கான்ஜி என்ற பெரும் பௌத்தக் கோயிலையும் சாம்பலாக்கிவிட்டுப் போனது. 76 ஆண்டுகளில் அந்தக் கோயில் எரிந்தது அது நான்காவது முறை.

இந்த முறை கைதூக்கிவிட ஆள் இல்லை. கோயிலை ஆதரித்த தோகுகவா ஆட்சி 1868இல் கவிழ்ந்தது. புதிய மெய்ஜி அரசு ஜப்பானின் மரபுச் சமயமான ஷிந்தோவை உயர்த்திப் பிடித்தது. பல ஊர்களில் புத்தர் சிலைகள் உடைபட்டன. தலைநகரமும் தோக்கியோவுக்குப் போய்விட்டது. எஞ்சியிருந்தவர்கள் அடியார்கள், பெரும்பாலும் கிராமத்து உழவர்கள். அவர்களை நம்பித்தான் 1880இல் திருப்பணி தொடங்கியது.

கோயில் பின்பற்றும் பௌத்த நெறியை நிறுவிய ஷின்ரானுக்கான மண்டபம் மட்டுமே 76 மீட்டர் அகலம், 38 மீட்டர் உயரம். அதற்கேற்ற மரங்களை மலைக்காடுகளில் வெட்டி, பனியில் சறுக்குவண்டி வைத்து இழுத்து வரவேண்டும். 1883இல் நீகாத்தா பகுதியில் இந்த வேலையின்போது பனிச்சரிவில் சிக்கிப் பலர் இறந்தார்கள். வழக்கமான கயிறுகளோ பாரம் தாங்காமல் அறுந்தன, விபத்துகள் நடந்தன.

அப்போதுதான் பெண்கள் கூந்தலை வெட்டிக் கொடுத்தார்கள்.

நல்ல தலைமுடி ஒன்று ஏறத்தாழ 100 கிராம் வரை தாங்கும். வெடுக்கென்று இழுத்தால் உடனே அறாமல் சற்று நீண்டு கொடுக்கும். அதைச் சணல் நாரோடு சேர்த்து வடமாகத் திரித்தார்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்து 53 வடங்கள் வந்தன. மிக நீளமானது 110 மீட்டர். எடை சுமார் ஒரு டன்.

அந்தக் காலத்தில் ஜப்பானியப் பெண் முடியை வெட்டிக்கொள்வது சின்ன விஷயமல்ல. ஆண்கள் குடுமியை எடுக்கலாம் என்று 1871இல் அனுமதித்தார்கள். பெண்கள் முடியைக் குட்டையாக வெட்டக் கூடாது என்று அடுத்த ஆண்டே தோக்கியோவில் தடை போட்டார்கள். கூந்தலைக் குறைத்துக்கொள்வது கைம்பெண்ணின் அடையாளமாகவும் இருந்தது. இதையெல்லாம் மீறித்தான் முடி வந்து குவிந்தது.

இதை நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட முடியாது. ஷின்ரான் மணம் செய்து பிள்ளை பெற்றவர். அவர் நெறியில் குருமார்கூட எப்போதும் மொட்டைத் தலையோடு இருக்க வேண்டியதில்லை. நோன்பிருந்தும் உடலை வருத்தியும் முக்தியைச் சம்பாதிக்க முடியாது, அமிதா புத்தரின் அருளே கதி என்பது அதன் அடிப்படை. ஆகவே இந்தப் பெண்கள் புண்ணியக் கணக்கில் முடியைச் சேர்க்கவில்லை. நன்றியோடு ஒரு கட்டுமானப் பொருளைக் கொடுத்தார்கள். உத்தரங்களை இழுத்ததிலும் தூக்கியதிலும் அந்தப் பொருளுக்குப் பங்கு உண்டு. ஆனாலும் பெரிய கட்டடங்களின் வரலாற்றில் மன்னர் பெயரும் தச்சர் பெயரும் நிற்கும் அளவுக்கு இவர்களுடைய பங்கு பேசப்படுவதில்லை. அது அநியாயம்.

1895இல் திருப்பணி முடிந்தது. நீகாத்தா அடியார்கள் தந்த வடம் ஒன்று இன்றும் கோயிலில் காட்சிக்கு இருக்கிறது: நீளம் 69 மீட்டர், எடை 375 கிலோ. கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. அந்தப் பக்கம் போகிறவர்கள் மண்டபத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன் அந்த வடத்தைப் பார்க்க வேண்டும்.